கொலைக்குக் காரணம் பொறாமை அல்ல

எழுத்தாளர்களுக்குள் நடக்கும் கொலையைச் சொல்லும் துப்பறியும் கதைகளுக்கு வாசகர் நினைவில் ஒரு விநோதமான கதி நேர்கிறது. கொலை நடந்த விதம் சில ஆண்டுகளில் மறந்துவிடுகிறது. எந்தத் தடயத்தைப் பிடித்துக்கொண்டு துப்பறிபவர் மேலேறினார் என்பது அதற்கும் முன்பே மறந்துவிடுகிறது. மிஞ்சுவது ஒரு பொத்தாம்பொதுவான சித்திரம்: இரண்டு எழுத்தாளர்கள், ஒருவருக்குப் புகழ், மற்றவருக்கு வயிற்றெரிச்சல், முடிவில் ஒரு பிணம். இத்தனை கால வாசிப்பில் என் நினைவில் சேர்ந்திருக்கும் இவ்வகைக் கதைகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் அந்தச் சித்திரம் நிற்கவில்லை. வயிற்றெரிச்சல்காரர் சந்தேக வளையத்துக்குள் இருக்கிறார். கொலைகாரராகப் பிடிபடுபவர் வேறொருவர். 'இதை எழுதியது யார்' என்ற கேள்விக்கான உண்மை விடையைப் பதுக்கி வைத்து, அந்தப் பதுக்கலின் மேல் வாழ்க்கையைக் கட்டிக்கொண்டவரே கொல்கிறார். சாகிறவர் அதற்குச் சாட்சி. சுருங்கச் சொன்னால், பொறாமைப்பட்டவர் கொல்வதில்லை, கடன்பட்டவர் கொல்கிறார். முடிவுகளைச் சொல்லாமல் இதை நிறுவ வழியில்லை. எனவே கீழே வரும் நாவல்களை இனிமேல்தான் வாசிக்க வேண்டும் என்றிருப்பவர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

முதல் சான்று, ராபர்ட் கால்பிரெய்த் என்ற பெயரில் ஜே. கே. ரௌலிங் எழுதி 2014இல் வெளிவந்த 'தி சில்க்வோர்ம்'. ஓவன் குவைன் என்ற நாவலாசிரியர் காணாமல் போகிறார். பதிப்பாளர், ஏஜென்ட், பழைய நண்பர் என்று இலக்கிய உலகில் தனக்குத் தெரிந்த எல்லோரையும் சாக்கடையில் முக்கி எடுக்கும் ஒரு கையெழுத்துப் பிரதியை அவர் எழுதி வைத்திருந்தார் என்பது மட்டும் தெரிகிறது. பிறகு அந்தப் பிரதியின் கடைசிக் காட்சியில் உள்ளபடியே அவர் சிதைக்கப்பட்டுக் கிடக்கிறார். வாசகரின் பார்வை இயல்பாகவே மைக்கேல் ஃபான்கோர்ட்மேல் விழுகிறது. அவர் பெரும் புகழ்பெற்ற போட்டி எழுத்தாளர். அவருடைய முதல் மனைவி எழுதிய நாவலைக் கேலிசெய்து யாரோ பெயரில்லாமல் ஒரு நையாண்டி எழுத, அந்தப் பெண் தற்கொலை செய்துகொண்டாள். எழுதியது குவைன்தான் என்று ஃபான்கோர்ட் நம்பிக்கொண்டிருந்தார். பகை, போட்டி, பழிவாங்கல் எல்லாம் கச்சிதமாகப் பொருந்துகின்றன. ஆனால் கொலையைச் செய்தவர் ஏஜென்ட் எலிசபெத் டாசல். நையாண்டியை எழுதியவர் அவர். அது குவைனுக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பதற்குக் குவைன் பல ஆண்டுகளாகக் கூலி வாங்கிக்கொண்டிருந்தார். அவரைக் கொன்றதோடு, அவருடைய பிரதியின் இடத்தில் தானே எழுதிய ஒன்றை அவர் பெயரில் சுற்றுக்கு விட்டதும் எலிசபெத்தான். பிறர் பெயரில் எழுதுவது, போட்டி, கொலை மூன்றும் இந்த ஒரு நாவலுக்குள் இருக்கின்றன. அவற்றில் போட்டி, வாசகரைத் திசைதிருப்பும் பொய்த் தடயமாக மட்டுமே வேலை செய்கிறது.

இது ஒரு நாவலின் தந்திரம் மட்டும்தானா என்று கேட்கலாம். அந்தோணி ஹோரோவிட்ஸின் 'மேக்பை மர்டர்ஸ்' 2016இல் வந்தது. அதில் ஆலன் கான்வே என்ற துப்பறியும் நாவலாசிரியர் சாகிறார். அவரால் கதை திருடப்பட்ட ஒரு பணியாளர் இருக்கிறார். எழுத ஆசைப்பட்டு, கருவைப் பறிகொடுத்து, வேறொருவர் பெயரில் அது விற்பதைப் பார்த்துக்கொண்டிருப்பவர். கொல்ல அவரைவிடப் பொருத்தமான ஆள் இல்லை, ஆனால் அவர் கொல்லவில்லை. கொல்பவர் பதிப்பாளர். தன் தொடரின் பெயரையே நாறடிக்கக்கூடிய ஒன்றை வெளியே சொல்லிவிட ஆசிரியர் துணிந்ததும், அந்தப் பெயரால் பிழைக்கும் பதிப்பகத்துக்கு ஆசிரியரைவிட அவருடைய மௌனம் பெரிதாகிவிடுகிறது. ஜீன் ஹான்ஃப் கோரெலிட்ஸின் 'தி பிளாட்' (2021) நாவலில், இறந்துபோன மாணவனின் கதைக்கருவை எடுத்து எழுதிப் புகழடைந்த ஆசிரியர் கொல்லப்படுகிறார். கொல்பவளோ தன் மகளையே கொன்று அவளுடைய அடையாளத்தில் வாழ்ந்துகொண்டிருப்பவள். ராபர்ட் ஹாரிஸின் 'தி கோஸ்ட்' (2007) அரசியல் கதை. முன்னாள் பிரதமரின் சுயசரிதையை எழுதித் தர அமர்த்தப்படுபவருக்கு நாவல் முழுவதும் பெயரே இல்லை. அவருக்கு முன் அதே வேலையில் இருந்தவர் கடலில் பிணமாக மிதந்தார். அங்கே பொறாமை என்ற பேச்சுக்கே இடமில்லை. எழுதிக் கொடுப்பவருக்கு, எழுதச் சொன்னதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். ஸ்டீபன் கிங்கின் 'சீக்ரெட் விண்டோ, சீக்ரெட் கார்டன்' குறுநாவலில் 'என் கதையைத் திருடிவிட்டாய்' என்று ஓர் அந்நியன் வாசலில் வந்து நிற்கிறான். திருட்டுக் கொடுத்தவன் பழி தீர்க்கும் கதை என்றே முக்கால்வாசி வரை நம்ப வைக்கிறார் கிங். கடைசியில் அந்த அந்நியன் எழுத்தாளரின் உடைந்த மனத்திலிருந்து பிறந்தவன் என்று தெரிகிறது. அவர் இளமையில் உண்மையாகவே இன்னொருவர் கதையைத் தன் பெயரில் வெளியிட்டவர். கொன்ற கை திருடிய கைதான்.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் கிங்கிடமே இருக்கிறது. 'தி டார்க் ஹாஃப்' (1989) நாவலில் ஓர் எழுத்தாளர் தன் புனைபெயரைப் பகிரங்கமாகப் 'புதைத்து' விடுகிறார். அந்தப் புனைபெயர் கல்லறையிலிருந்து எழுந்து வந்து கொலை செய்கிறது. நிழலாக இருந்தவன் கொல்கிறானே, அப்படியானால் என் வாதம் உடைகிறதே என்று தோன்றும். உற்றுப் பார்த்தால் அங்கே நிழல் யார்? எழுதும் கை உள்ளவன் வீட்டில் இருக்கிறான். எழுந்து வருவதற்குக் கை சொந்தமில்லை. பெயர் மட்டும்தான் சொந்தம். தனக்கும் எழுத்துக்கும் உள்ள தொடர்பை அறுத்துவிட்டவர்களை அந்தப் பெயர் தேடித் தேடிக் கொல்கிறது. பிறர் கையால் வாழ்ந்த பெயர் அந்தக் கை நின்றதும் வெறிகொள்கிறது என்றால், கடன்பட்டதே கொல்கிறது என்பதற்கு இதைவிட அப்பட்டமான உருவகம் கிடைக்காது.

கதைகளை விட்டு வரலாற்றுக்கு வந்தால் இன்னொரு கேள்வி எழுகிறது. கடன்பட்டவருக்குக் கொலை செய்ய இவ்வளவு காரணம் இருக்கிறதென்றால், உண்மையான இலக்கிய உலகில் ஏன் பிணங்கள் விழவில்லை? அலெக்சாந்தர் துமாவும் ஒகுஸ்த் மாக்கேயும் இதற்குச் சரியான சோதனை. 'மூன்று மஸ்கட்டியர்கள்', 'மாண்டி கிறிஸ்டோ' உள்ளிட்ட நாவல்களுக்கு வரலாற்றுத் தரவு தேடி, கதைத்திட்டம் போட்டு, முதல் வரைவு எழுதிக் கொடுத்தவர் மாக்கே. அதை ஊதிப் பெருக்கி, உரையாடலுக்கு உயிர் கொடுத்தவர் துமா. அட்டையில் ஒரு பெயர்தான். 1840களின் பாரிஸ் நாளிதழ்கள் தொடர்கதையை வரிக்கணக்கில் விலைக்கு வாங்கின, துமா என்ற ஒற்றைப் பெயருக்குத்தான் அந்த விலை. 1845இல் மிர்கூர் என்பவர் துமாவை நாவல் தொழிற்சாலை முதலாளி என்று தாக்கித் துண்டுநூல் வெளியிட்டார். துமா வழக்குப் போட்டு வென்றார். அதே ஆண்டு, பணம் பெற்றுக்கொண்டதாகவும் வேறு உரிமை கோரப்போவதில்லை என்றும் மாக்கே கடிதம் எழுதிக் கொடுத்தார். துமா கடனில் மூழ்கியபோது மாக்கேக்குப் பாக்கி நின்றது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போய், 1858இல் பணத்துக்கு அவருக்கு உரிமை உண்டு, இணையாசிரியர் என்ற பெயருக்கு இல்லை என்று தீர்ப்பாயிற்று. மாக்கே வசதியாகவே வாழ்ந்து 1888இல் இறந்தார். துமாவின் உடலை 2002இல் பிரான்ஸ் தன் மாமனிதர்கள் உறங்கும் பாந்தியோனுக்கு எடுத்துச் சென்றது.

இங்கே கொலை நிகழாததற்கு இருவரும் நல்லவர்கள் என்பதைவிட வலுவான காரணங்கள் உண்டு. ஒன்று, மாக்கேயைக் கொன்றால் அடுத்த தொடரின் வரைவை யார் எழுதுவது? எழுதிக் கொடுப்பவர் உயிரோடு இருப்பதில்தான் கடன்பட்டவரின் வருமானம் இருக்கிறது. இரண்டாவது, அது ரகசியமே இல்லை. பாரிஸில் பேனா பிடித்தவர்களுக்கெல்லாம் மாக்கேயின் பங்கு தெரியும். மிர்கூர் அச்சிலேயே போட்டுவிட்டார். ஊருக்கே தெரிந்த ரகசியத்துக்காக யாரும் கத்தியைத் தூக்குவதில்லை. துப்பறியும் நாவலாசிரியரின் தொழில்நுட்பம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. நிஜத்தில் பதிப்பாளர், கணக்கர், வழக்கறிஞர், குடும்பத்தார் என்று பத்துப் பேரிடம் சிதறிக் கிடக்கும் உண்மையை, அவர் ஒரே ஒரு சாட்சியிடம் குவித்து வைக்கிறார். குவைன் ஒருவருக்குத்தான் தெரியும். கான்வே ஒருவரால்தான் கெடுக்க முடியும். சாட்சி ஒன்றாகச் சுருங்கியதும் கொலைக்கு அர்த்தம் வந்துவிடுகிறது.

ஆளைக் கொல்லாவிட்டாலும் சாட்சியத்தைக் கொல்லும் ஆசை நிஜத்திலும் உண்டு என்பதற்குக் கோலெத்தின் கதை சான்று. 1900 முதல் வெளிவந்த 'க்ளோதீன்' நாவல்களை எழுதியவர் அவர். அட்டையில் இருந்தது கணவர் வில்லியின் பெயர். பலரைக் கூலிக்கு அமர்த்தித் தன் பெயரில் எழுத வைப்பது வில்லிக்குப் பழகிய தொழில். மனைவியும் அந்தப் பட்டறையில் ஒருவர் ஆனார். பிரிந்த பின் 1907இல் வில்லி அந்த நாவல்களின் உரிமையை மனைவிக்குத் தெரியாமல் விற்றார். கோலெத்தின் கையெழுத்தில் இருந்த நோட்டுப் புத்தகங்களை அழித்துவிடும்படி தன் செயலாளரிடம் சொன்னார். செயலாளர் முழுவதையும் அழிக்காமல் காப்பாற்றியதால் அவை பின்னர் கோலெத்திடமே வந்து சேர்ந்தன. விற்றாயிற்று, பணம் வந்தாயிற்று, அப்புறமும் நோட்டுப் புத்தகம் ஏன் உறுத்த வேண்டும்? எழுதியவர் வாயால் சொன்னால் மறுக்கலாம், கையெழுத்தை மறுக்க முடியாது. துப்பறியும் நாவலில் ஒரு மனிதருக்குக் கிடைக்கும் முடிவு அங்கே காகிதத்துக்கு விதிக்கப்பட்டது.

அமெரிக்காவின் நான்சி ட்ரூ தொடரில் இது இன்னும் சாதுவான வடிவம் எடுத்தது. 1930இல் தொடங்கிய அந்தத் தொடரின் அட்டையில் உள்ள கரோலின் கீன் என்ற ஆள் உலகத்திலேயே இல்லை. ஸ்ட்ராட்மெயர் நிறுவனம் கதைச்சுருக்கம் கொடுக்க, ஒரு நூலுக்கு 125 டாலர் என்று மொத்தக் கூலிக்கு முதல் நூல்களை எழுதியவர் மில்ட்ரெட் பென்சன். எல்லா உரிமையையும் மௌனத்தையும் சேர்த்தே எழுதிக் கொடுத்துவிட்டார். நிறுவனரின் மகள் ஹாரியட் ஆடம்ஸ்தான் கரோலின் கீன் என்று உலகம் நம்பி வந்தது. 1980இல் பதிப்பகங்களுக்கிடையே ஒரு வழக்கு நடந்தபோது பென்சன் சாட்சியாக அழைக்கப்பட்டார். அவரைக் கண்ட ஆடம்ஸ், நீ செத்துப்போய்விட்டதாக அல்லவா நினைத்தேன் என்ற பொருளில் பேசியதாகச் சொல்லப்படுகிறது. கொலைகாரத்தனம் எதுவுமில்லாத வயதான பெண்மணி அவர். ஆனால் நிழல் எழுத்தாளரைக் குறித்துப் பெயர்க்காரரின் மனத்தில் இருக்கும் வசதியான நம்பிக்கை எது என்பதை அந்த ஒரு சொல் காட்டிவிடுகிறது.

என் வாதத்துக்கு வரக்கூடிய பெரிய ஆட்சேபம் இசையமைப்பாளர் சலியேரி. மோசார்ட்டின் மேதைமையைக் கண்டு பொறுக்காமல் சலியேரி நஞ்சு வைத்தார் என்பதைப் புஷ்கின் 1830இல் நாடகமாக்கினார். பீட்டர் ஷாஃபரின் 'அமேடியஸ்' 1979இல் மேடையேறி, 1984இல் திரைப்படமாகி உலகமெல்லாம் அந்தப் பழியைப் பரப்பியது. பொறாமை கொன்றதாகச் சொல்லும் கதைகளில் இதற்கே முதலிடம். வரலாற்றில் சலியேரி கொலை செய்யவில்லை என்பது ஒரு பதில். அதைவிடச் சுவையான பதில் வேறு. மோசார்ட்டின் கடைசிப் படைப்பான இரங்கல் இசையை 1791இல் ஆள் அனுப்பிப் பெயர் சொல்லாமல் எழுதக் கேட்டவர் வால்செக் பிரபு. மறைந்த தன் மனைவிக்காக அதைத் தானே இயற்றியதாகக் காட்டிக்கொள்வது அவர் திட்டம். அந்த மரணத்தின் அருகில் உண்மையாகவே நின்றது பிறர் உழைப்பில் பெயர் வாங்கும் ஆசைதான். கதை சொல்பவர்களும் இதை உணர்ந்திருக்கிறார்கள். திரைப்படத்தில் சலியேரியின் பொறாமை நெடுநேரம் புகைந்துகொண்டே இருக்கிறது. அந்த இரங்கல் இசையைத் தன்னுடையது என்று அரங்கேற்றலாம் என்ற எண்ணம் வந்த பிறகுதான் அது சதியாகிறது. ஷேக்ஸ்பியரைப் பற்றிய 'அனானிமஸ்' (2011) படத்திலும் இதே தர்க்கம். ஷேக்ஸ்பியர் வெறும் முகமூடி என்று கண்டுபிடிக்கும் சக நாடகாசிரியர் மார்லோ கழுத்தறுபட்டுக் கிடக்கிறார்; பழி ஷேக்ஸ்பியர்மேல் வருகிறது. நிஜ மார்லோ 1593இல் டெட்ஃபோர்டில் இறந்தது சாப்பாட்டுக் கணக்குத் தகராறில் என்கிறது அன்றைய விசாரணை ஆவணம். மக்கள் மனம் அதை ஏற்க மறுத்து, எழுத்துரிமை ரகசியத்தைக் கொண்டு அந்தச் சாவை நிரப்பிக்கொண்டது.

எழுத்தாளர்கள் நிஜமாகவே கொலை செய்திருக்கிறார்களே என்றும் கேட்பார்கள். போலந்தின் கிறிஸ்தியான் பாலா, தன் 'அமோக்' நாவலில் வரும் தடயங்கள் வழியே போலீஸ் பார்வைக்கு வந்து 2007இல் தண்டிக்கப்பட்டார். அங்கே பொறாமை இருந்தது. ஆனால் அது மனைவியை முன்னிட்டு எழுந்தது, கொல்லப்பட்டவர் எழுத்தாளரும் இல்லை. எழுதுபவரும் மனிதர், அவருக்கும் மற்றவர்களைப் போலவே கொலைவெறி வரலாம் என்பதற்கு மேல் அந்த வழக்கு எதையும் நிறுவவில்லை.

தமிழில் இந்தக் கதை புதிதில்லை. நிழல் எழுத்தும் புலமைப் பூசலும் உயிராபத்தும் ஒன்றாகச் சேர்ந்த கதை நம்மிடம் பல நூற்றாண்டுகளாக இருக்கிறது. பாண்டியன் ஐயத்தைத் தீர்க்கும் பாட்டுக்கு ஆயிரம் பொன் பரிசு. ஏழைத் தருமிக்குப் பாட்டு எழுத வராது. ஆலவாய் இறைவன் எழுதிக் கொடுக்கிறார். சங்கத்தில் நக்கீரர் குற்றம் காண்கிறார். நெற்றிக்கண் வெப்பம் தாங்காமல் பொற்றாமரைக் குளத்தில் விழுகிறார். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் சொல்லும் இந்தக் கதை, 1965இல் ஏ. பி. நாகராஜனின் படம் வழியாக, நாகேஷின் தருமியாக வீட்டுக்கு வீடு தங்கிவிட்டது. நாம் சிரிக்கும் காட்சிக்குள் ஒரு வியப்பான பங்கீடு இருக்கிறது. பொற்கிழி தருமிக்குப் போயிற்று. பாட்டோ குறுந்தொகையின் 2ஆம் பாடலாக இறையனார் பெயரில் நிற்கிறது. எழுதியவருக்குப் பெயர், முன்னால் நின்றவருக்குப் பணம். மாக்கேக்கு நேர்ந்ததற்கு நேர் தலைகீழ். எனவேதான் தருமிக்கு யாரையும் கொல்லும் தேவை வரவில்லை, அவருக்குப் பெயரில் பங்கில்லை. தீக்காயம் பட்டவர், அவையில் வாயைத் திறந்து சொன்ன நக்கீரர். கடன் தீர்க்கப்பட்ட கதையிலும் சாட்சி சொன்னவருக்குச் சூடு உண்டு.

பிறர் பெயரில் எழுதுவதெல்லாம் குற்றம் என்று இதிலிருந்து முடிவு கட்டக் கூடாது. ரங்கராஜன் தன் மனைவியின் பெயரைப் பூண்டு சுஜாதா ஆனார். சுரேஷும் பாலகிருஷ்ணனும் சேர்ந்து சுபா ஆனார்கள். துப்பறியும் நாவல்களை மாதந்தோறும் வாங்கிய தமிழ் வாசகர் யாரும் இதனால் ஏமாந்ததாக உணரவில்லை, ஏனென்றால் கேட்டால் விடை கிடைக்கும். எல்லரி குவீன் என்ற பெயருக்குப் பின்னால் இருந்த ஒன்றுவிட்ட சகோதரர்கள், 1960களில் தியடோர் ஸ்டர்ஜன் போன்ற வேறு எழுத்தாளர்களை வைத்துச் சில நாவல்களை எழுதி வாங்கினார்கள். ஒழுங்காகக் கூலி கொடுத்து, பின்னாளில் மறைக்க அவசியமில்லாமல் போன ஏற்பாடு அது. பிரதமருக்கு உரை எழுதித் தருபவரும் நடிகருக்குச் சுயசரிதை எழுதித் தருபவரும் அதே நியாயத்தில் தொழில் செய்பவர்கள். ஏற்பாடு நாற ஆரம்பிப்பது, எழுத்துக்கு விலை கொடுத்தவர் மௌனத்துக்கும் சேர்த்து விலை கொடுத்துவிட்டதாக நினைக்கும்போதுதான்.

அந்த மௌனத்துக்கு விலை ஏற்றுவது யார் என்று பார்த்தால் விரல் வாசகர் பக்கமே திரும்புகிறது. ரௌலிங்கின் முதல் கால்பிரெய்த் நாவல் 2013 ஏப்ரலில் வெளிவந்து, எழுதியவர் யாரென்று தெரியாதவரை பிரிட்டனில் கெட்டி அட்டைப் பதிப்பாகச் சுமார் 1,500 பிரதிகள்தான் விற்றதாகச் செய்திகள் கூறின. ஜூலையில் உண்மைப் பெயர் கசிந்ததும் அது விற்பனைப் பட்டியலின் உச்சிக்குப் போனது. உள்ளே ஒரு சொல்கூட மாறவில்லை. துமாவின் பெயர் மட்டும் போதும் என்ற பாரிஸ் நாளிதழ்களும் இதே கணக்கைத்தான் போட்டன. பெயருக்கு நாம் கொடுக்கும் விலைக்கும் எழுத்துக்கு நாம் கொடுக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் நாவல்களில் கொலைக்கான நோக்கமாக உருவெடுக்கிறது. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, உரிமையை முழுவதும் விற்ற பிறகும் 'இதை எழுதியவன் நான்' என்று சொல்லும் உரிமை ஆசிரியரிடமே இருக்கும் என்கிறது. மாக்கேக்கு மறுக்கப்பட்டது எதுவோ அதைச் சட்டம் இங்கே எழுத்தில் வைத்திருக்கிறது. சந்தை அதைக் கண்டுகொள்வதில்லை. பதிப்பாளர்கள் உள்பக்கத்தில் இரண்டாவது பெயரையும் போட்டு, வாசகர்கள் அதைக் குறையாக எண்ணாமல் வாங்கப் பழகினால், மறைக்க எதுவும் மிஞ்சாது. அப்போது கடன்பட்ட எழுத்தாளர்கள் கொலை செய்யும் நாவல்களுக்குக் கரு கிடைப்பது கடினமாகலாம். நல்ல துப்பறியும் கதைகள் சிலவற்றை அதனால் இழப்போம். அந்த நஷ்டத்தை ஏற்றுக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை.